பக்கத்து அறை காலியானால்தான் சுவரை நகர்த்தலாம்

ஆத்தங்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் டைல்ஸ் பட்டறைக் கணக்கு, டிசைன் படங்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. "அண்ணே, 1 டிபி ஹார்ட் டிஸ்க். சி டிரைவ் 117 ஜிபி. அதில் 2 ஜிபிகூட மிச்சமில்லை, சிவப்பாக நிற்கிறது. டி டிரைவ் 813 ஜிபி, அதில் 500 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. டி-யைச் சுருக்கலாம் என்று ஷ்ரிங்க் செய்யப் போனால் 41 ஜிபிதான் எடுக்கலாம் என்கிறது. சரி, 40 எடுத்தேன். இப்போது சி-யில் ரைட் கிளிக் செய்தால் அதை நீட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. கமாண்டில் போட்டாலும் இடம் இல்லை என்கிறது. ஏதாவது சாஃப்ட்வேர் இறக்கிச் சேர்த்துவிடலாமா?" கூடவே டிஸ்க் மேனேஜ்மென்ட் படமும் அனுப்பியிருக்கிறார்.

சாஃப்ட்வேரை இப்போது இறக்க வேண்டாம், தம்பி. உங்கள் டிஸ்கில் கோளாறு எதுவும் இல்லை. இடமும் தாராளமாக இருக்கிறது. அது சி-க்குப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது தம்பதிக்கும், ஓர் அறை. முதல் அறைக்காரருக்கு இடம் போதவில்லை. வரிசையின் கடைசி அறை காலி. அதை நம்பி முதல் அறையின் சுவரை இடித்து நீட்ட முடியுமா? நடுவில் இருப்பவர்கள் ஆளுக்கு ஓர் அறை தள்ளிப் போனால்தான் முதல் அறைக்குப் பக்கத்தில் காலி வரும். ஹார்ட் டிஸ்கிலும் பார்ட்டிஷன்கள் என்ற பிரிவுகள் இப்படித்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. விண்டோஸ் ஒரு டிரைவை நீட்ட வேண்டுமானால், காலி இடம் அதே டிஸ்கில், அந்த டிரைவுக்கு வலப்பக்கம், ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தாலும் ஆகாது, ஒன்று தள்ளி இருந்தாலும் ஆகாது.

உங்கள் படத்தின் கீழ்ப்பாதியை இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதலில், கம்ப்யூட்டர் எழும்ப உதவும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன். அடுத்து சி. அதற்கடுத்து 500 எம்பி சொச்சத்தில் சின்னதாக ஒரு ரிக்கவரி பார்ட்டிஷன். அப்புறம் டி. கடைசியில், தலையில் கறுப்புப் பட்டையோடு நீங்கள் எடுத்த 40 ஜிபி. ஷ்ரிங்க் செய்தால் விண்டோஸ் எப்போதும் டிரைவின் வால்பக்கத்திலிருந்துதான் வெட்டித் தரும். ஆகவே அந்த 40 ஜிபி டி-யின் வாலில் போய் விழுந்துவிட்டது. டி-யில் ரைட் கிளிக் செய்து பாருங்கள், அங்கே எக்ஸ்டெண்ட் பளிச்சென்று இருக்கும். சி-க்கும் அந்த 40-க்கும் நடுவே டி முழுவதும் இருக்கிறது, ரிக்கவரியும் இருக்கிறது. நீங்கள் போட்ட டிஸ்க்பார்ட் கமாண்டும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அதனால்தான் அதுவும் இடம் இல்லை என்று கைவிரித்தது.

இனி அந்த 41 ஜிபி கணக்கு. 500 ஜிபி காலியாக இருக்கும்போது ஏன் 41-க்கு மேல் தர மறுக்கிறது? ஷ்ரிங்க் செய்யும்போது வால்பக்கத்தில் இருக்கும் ஃபைல்களை விண்டோஸ் முன்பக்கம் நகர்த்திக்கொண்டே வரும். நகர்த்தக் கூடாத ஃபைல் ஒன்று குறுக்கே வந்தால் அந்த இடத்தில் நின்றுவிடும். அதற்கு முன்னால் எத்தனை நூறு ஜிபி காலியாக இருந்தாலும் அதை எடுக்க வழியில்லை. குறுக்கே நிற்பது எந்த ஃபைல் என்று ஊகிக்கவும் வேண்டாம், விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதனுள் அப்ளிகேஷன் போய், 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். நகர்த்த முடியாத கடைசி ஃபைல் இன்னது என்று அதில் பெயரோடு இருக்கும். டி மாதிரி டிரைவில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். யாராவது பழைய சர்வீஸ்காரர் சி-யில் இடம் மிச்சம் பிடிக்க, ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை டி-க்கு மாற்றி வைத்திருப்பார். அல்லது சிஸ்டம் புரொடெக்‌ஷன் டி-க்கும் ஆன் செய்யப்பட்டு, விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரிஸ்டோர் பாயிண்டுகள் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள் குவிந்திருக்கும். சி டிரைவாக இருந்தால், திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்நேஷனுக்கான ஃபைலும் இந்த வரிசையில் சேரும்.

அந்தப் பதிவைப் பார்த்து வையுங்கள். பேஜ் ஃபைல் என்று வந்தால் கீழே சொல்லும் வேலைக்கும் அது முட்டுக்கட்டை போடும்.

எதிலும் கை வைப்பதற்கு முன் டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது பொறுக்காது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைக் காட்டும். மேலே நீலத்தில் குட் என்று வந்தால் நல்லது. மஞ்சளில் காஷன் என்று வந்தால், ரீஅலோகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். எழுத முடியாமல் ஒதுக்கப்பட்ட இடங்களையும், படிக்கத் திணறுகிற இடங்களையும் அவை எண்ணிச் சொல்கின்றன. அப்படிப்பட்ட டிஸ்கில் பார்ட்டிஷனை நீட்டுவதும் குறுக்குவதும் கூடாது. டேட்டாவை வெளியே எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போடுவதுதான் வழி. பிழை தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கருவியைக்கூட நகல் எடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் டிஸ்கைத் துருவிப் படிக்கும் அந்த வேலையிலேயே திணறும் டிஸ்க் நின்றுபோகக்கூடும். உங்கள் கம்ப்யூட்டர் பட்டறையிலேயே இருக்கிறது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கண்ணாடியில் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் தூவுகிற இடத்தில் தூளுக்குப் பஞ்சம் இருக்காது. அது டிஸ்குக்குள் புகாது. ஆனால் கேபினெட் விசிறியிலும் பவர் சப்ளையிலும் அப்பிக்கொண்டு சூட்டை ஏற்றும். மணிக்கணக்கில் டேட்டா நகலெடுக்கும் நாளில் அந்தச் சூடு பெரிய தொல்லை. முதல் நாளே திறந்து, ஊதித் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது, சி-யை நீட்டத்தான் வேண்டுமா? கடைக்கு இந்தக் குறையோடு வருகிறவர்களில் பலருக்கு நான் பார்ட்டிஷனைத் தொடாமலே அனுப்பியிருக்கிறேன். டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பக்கத்துக்குப் போனால் மூவ் என்று இருக்கும். டி-யில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டினால் மொத்தமும் அங்கே போய்விடும், பழகிய இடத்திலிருந்தே திறக்கவும் செய்யலாம். டிசைன் படங்களும் வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோக்களும் இப்படியே கணிசமான இடத்தை விடுவித்துவிடும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் டெம்பரரி ஃபைல்ஸைப் பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் மிஞ்சிய பழைய விண்டோஸ் இருந்தால் அது மட்டுமே பத்திருபது ஜிபி இருக்கலாம். ஹைபர்நேட் உபயோகிப்பதில்லை என்றால் அதை அணைத்துவிடலாம். 8 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் அதனால் 3 ஜிபி போல மிச்சமாகும். இவையெல்லாம் செய்து 30 ஜிபி காலி கிடைத்துவிட்டால், நீங்கள் டைல்ஸ் வேலையைப் பாருங்கள், பார்ட்டிஷன் அப்படியே இருக்கட்டும்.

போதவில்லை என்றாலும் இந்தச் சுத்தம் வீண் போகாது. டி-யில் பேஜ் ஃபைல் இருந்தால் அதை சி-க்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். 2 ஜிபிகூட மிச்சமில்லாத சி-யில் அது எங்கே உட்காரும்? முதலில் சி-யில் பத்து ஜிபியாவது காலி செய்துகொள்ளுங்கள். பிறகு அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், அதில் வர்ச்சுவல் மெமரி வரை போய், டி-க்கு நோ பேஜிங் ஃபைல் என்றும் சி-க்கு சிஸ்டம் மேனேஜ்டு என்றும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் செட் பட்டனை அழுத்துங்கள். செட் அழுத்தாமல் ஓகே கொடுத்தால் மாற்றம் பதியாது. ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் பேஜ் ஃபைல் டி-யை விட்டு இறங்கும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சாஃப்ட்வேர் போட்டுச் சேர்க்கலாமா? ஜிபார்ட்டெட் போல நம்பகமான கருவிகள் உண்டு, அவை டி-யை அப்படியே வலப்பக்கம் தள்ளிவிடும். தள்ளுவது என்றால், டி-யில் இருக்கும் டேட்டாவை ஓரிடத்தில் படித்து, அதே டிஸ்கில் வேறிடத்தில் எழுதிக்கொண்டே போவது. உங்கள் அளவு டி-க்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கலாம், பழைய டிஸ்கென்றால் இன்னும் கூட. அந்த நேரம் முழுவதும் பாதி டேட்டா புது இடத்திலும் பாதி பழைய இடத்திலும் இருக்கும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்கின் கணக்கேடு ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

இது என் கையாலேயே நடந்தது. பல வருஷத்துக்கு முன், கண்டனூரில் ஓர் ஆச்சியின் கம்ப்யூட்டர். பிள்ளைகள் வெளிநாட்டில். பேரன் பேத்தி படங்கள், ஆச்சியின் கணவர் செட்டியாரின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தவை, எல்லாம் டி-யில். சி நிரம்பிவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் நகல் எடுக்காமல் டி-யைத் தள்ள ஆரம்பித்தேன். முப்பத்தேழு சதவீதம் என்று காட்டியபோது கரண்ட் போனது. யூபிஎஸ் இருக்கிறதே என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது ஒரு நீண்ட கூவலோடு நின்றுவிட்டது. பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருக்கிறது, நான் சோதிக்கவில்லை. கரண்ட் வந்த பிறகு டி-யைத் திறந்தால், ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்டது. ஆச்சி கோபப்படவில்லை. "அவங்க சிரிச்சாப்புல இருக்குறது அந்த ஒரு படம்தான் தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த டிஸ்கைக் கழற்றி எடுத்துவந்து, முதலில் முழு டிஸ்கையும் அச்சு மாறாமல் இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்தேன். பார்ட்டிஷன் பட்டியல் மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி பெரும்பாலும் மீட்டுக் கொடுத்துவிடும். இங்கே டேட்டாவே இரண்டு இடத்தில் கிடந்ததால் அது உதவவில்லை. அதன் ஜோடிக் கருவியான ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். அது ஃபைல் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு செக்டாரிலும் படத்தின் தொடக்கம் இருக்கிறதா என்று தேடிப் பொறுக்கும். படங்கள் கிடைத்தன, ஆனால் பெயர் கிடையாது, தேதி ஃபோல்டர் கிடையாது, சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். ஆயிரக்கணக்கான படங்களை ஆச்சியோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சிரித்த படம் முழுதாக இருந்தது. வேறு பல கிடைக்கவில்லை. எஸ்எஸ்டி-யாக இருந்திருந்தால் இதுவும் சந்தேகம். அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்து வைத்துவிடும், பொறுக்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வழி, டி-யைத் தள்ளாமல், காலி செய்து எடுத்துவிடுவது. உங்கள் டி-யில் டேட்டா 300 ஜிபி போலத்தான். 500 ஜிபி அல்லது 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள். டி முழுவதையும் அதில் நகலெடுங்கள். எடுத்தபின் நகலிலிருந்தே, இதற்கென்று பத்துப் பன்னிரண்டு ஃபைலைத் திறந்து பாருங்கள்: பழைய டிசைன் ஒன்று, போன வருஷக் கணக்கு ஒன்று, பெரிய வீடியோ ஒன்று. கணக்கு மென்பொருளிலேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கும், அதையும் தனியாக ஒரு பென்டிரைவில் எடுங்கள். இதெல்லாம் முடிந்து, வெளி டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்த படி.

டிஸ்க் மேனேஜ்மென்டில் டி-யை டெலீட் வால்யூம் செய்யுங்கள். பேஜ் ஃபைல் இன்னும் அங்கே இருந்தால் விண்டோஸ் விடாது, அதற்காகத்தான் முன்பே மாற்றச் சொன்னேன். இப்போது ரிக்கவரிக்கு வலப்பக்கம் எல்லாம் காலி. ஆனாலும் சி-க்கு எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருக்கும். நடுவில் அந்த 500 எம்பி நிற்கிறதே! பங்காளி சிங்கப்பூரில், சாவி அவரிடம் என்று ஓர் அறை பூட்டியே கிடக்கும் பாருங்கள், அந்த மாதிரி. டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை அழிக்கவும் முடியாது, ரைட் கிளிக் செய்தால் ஹெல்ப் தவிர ஒன்றும் வராது.

விண்டோஸ் எழும்பாதபோது சரிசெய்யும் கருவிகள் அந்த அறையில்தான் இருக்கின்றன. உடைத்துத் தள்ளக் கூடாது, முதலில் சாமானை வெளியே எடுக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரீஏஜென்ட்சி (reagentc), ஓர் இடைவெளி, சாய்கோடு (/), இன்ஃபோ (info) என்று அடியுங்கள். எனேபிள்டு என்று காட்டி, எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்ற எண்ணையும் சொல்லும். அதைக் குறித்துக்கொண்டு, இன்ஃபோவுக்குப் பதில் டிஸேபிள் (disable) என்று அடியுங்கள். கருவிகள் அடங்கிய ஃபைல் சி-யில் விண்டோஸ் ஃபோல்டருக்குள், சிஸ்டம் 32, அதனுள் ரிக்கவரி என்ற இடத்துக்கு வந்துவிடும். முதலிலேயே டிஸேபிள்டு என்று காட்டினால் மட்டும் நின்று, அந்த ஃபைல் அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு மேலே போங்கள். இந்தக் குட்டி பார்ட்டிஷனை அலட்சியப்படுத்தாதீர்கள். 2024 ஜனவரியில் கேபி 5034441 என்ற விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், ரிக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாத கம்ப்யூட்டர்களில் ஏறாமல் திரும்பத் திரும்பப் பிழை காட்டியது. அதை 250 எம்பி பெரிதாக்கும் முறையை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட வேண்டியதாயிற்று.

அடுத்து டிஸ்க்பார்ட். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் அது "நிச்சயமா?" என்று ஒருபோதும் கேட்காது. லிஸ்ட் டிஸ்க் அடித்து, அளவைப் பார்த்து, செலக்ட் டிஸ்க் 0. லிஸ்ட் பார்ட்டிஷன் அடித்தால் உங்கள் படத்தில் இல்லாத ஒன்று கூடுதலாகத் தெரியும். ரிசர்வ்டு என்று 16 எம்பி. பயப்பட வேண்டாம், அது எப்போதும் இருப்பதுதான், டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது. ஆகவே கட்டங்களை எண்ணி எண்ணைப் போடாதீர்கள், ஒன்று பிசகிவிடும். ரிக்கவரி என்ற வகையும் 500 எம்பி சொச்சம் அளவும் எந்த வரியில் சேர்ந்து வருகிறதோ, ரீஏஜென்ட்சி சொன்ன எண்ணோடு பொருந்துகிறதோ, அதைத்தான் செலக்ட் செய்ய வேண்டும். செலக்ட் செய்தபின் மறுபடி லிஸ்ட் பார்ட்டிஷன் அடியுங்கள். தேர்ந்த வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் நிற்கும். அந்த நட்சத்திரம் சரியான வரியில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு.

டிஸ்க் மேனேஜ்மென்டுக்குத் திரும்பினால் சி-யில் எக்ஸ்டெண்ட் வால்யூம் பளிச்சென்று இருக்கும். அழுத்தினால் வரும் கட்டத்தில் மொத்தக் காலி இடமும் எம்பி கணக்கில் தானே நிரம்பியிருக்கும். அப்படியே நெக்ஸ்ட் கொடுத்தால் டி-க்கு ஒன்றுமே மிஞ்சாது. 150 ஜிபி சேர்க்க வேண்டுமானால் 153600 என்று மாற்றுங்கள், 150-ஐ 1024-ஆல் பெருக்கிய எண் அது. சில நொடிகளில் முடிந்துவிடும், ஏனென்றால் எந்த டேட்டாவும் நகரவில்லை. மீதியில் புது வால்யூம் உருவாக்கி, எழுத்து டி என்றே கொடுங்கள். டி-யைத் தேடும் மென்பொருள்களும் ஷார்ட்கட்களும் பழையபடி வேலை செய்ய அதுதான் வழி. கடைசியாக ரீஏஜென்ட்சியை எனேபிள் என்று ஓட்டுங்கள். தனி அறை இல்லாததால் ரிக்கவரி சி-க்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், உங்கள் தேவைக்கு அது போதும். இன்ஃபோ போட்டு எனேபிள்டு என்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதே சிக்கலோடு படிக்கிற மற்றவர்களுக்காகச் சில. பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர்களில் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் பட்டியல் முறை இருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் முடியும் என்பதால், டி, ஈ எல்லாவற்றையும் பச்சைக் கோடு போட்ட ஒரு எக்ஸ்டெண்டட் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். டி-யை அழித்தால் வெளிர்பச்சையில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று வரும், கறுப்பில் அன்அலோகேட்டட் என்று வராது. இடம் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள், சி அதைத் தொட முடியாது. உள்ளே வேறு டிரைவ் எதுவும் இல்லாமல் காலி செய்து, பச்சைப் பெட்டியையே அழித்தால்தான் கறுப்பாகும். அந்தக் கம்ப்யூட்டர்களிலேயே ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கப் போனால் டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸில் அதைப் பழையபடி பேசிக் ஆக்க எல்லா வால்யூமையும் அழிக்க வேண்டிவரும்.

டிரைவ் படத்தில் பூட்டு தெரிந்தால், டேட்டாவைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஆன். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு வரும் புது லேப்டாப்களில் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். பார்ட்டிஷனைத் தொடும் முன் 48 இலக்க ரிக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். லினக்ஸ் யுஎஸ்பியிலிருந்து வேலை செய்கிறவர்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் டிரைவை அங்கே அளவு மாற்ற முடியாது.

தம்பி, வேலையை வைத்துக்கொள்ளும் நாளில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, பத்து நிமிடம் தாங்குகிறதா என்று சோதியுங்கள். டி-க்கு எல்லாம் திரும்பிய பிறகும் வெளி டிஸ்கில் உள்ள நகலை அழிக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கை முடித்து, ஜிஎஸ்டி போட்டு, அப்பாவிடம் பழைய டிசைன்களை ஒருமுறை காட்டி எல்லாம் இருக்கிறதா என்று கேட்ட பிறகு அந்த டிஸ்கைத் திருப்பிக் கொடுக்கலாம்.